வாசிக்கப்படாத மூன்றாம் அறிவிப்பு

கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, கோயில் வாசலில் ஒரு தாளை ஒட்டினால் போதுமா என்று எங்கள் திருச்சபை ஓய்வுபெற்ற போதகர்களிடமும் கருத்துக் கேட்டிருந்தது. "வாசிப்பது நல்லது" என்று எழுதி அனுப்பினேன். இப்போது கல்முனையில் இருக்கும் இளம் போதகர் தொலைபேசியில் அழைத்தார். மற்றவர்கள் எல்லாரும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார். எனக்கு இரண்டு பக்கம் போதாது என்றேன். அப்படியானால் தேவையான அளவுக்கு எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன்.

இறையியல் கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன். கிரேக்க வினைச்சொற்களை எல்லாக் காலங்களிலும் சொல்லத் தெரிந்த நிலையில், எழுபத்தேழாம் ஆண்டு பயிற்சிப் போதகராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டேன். அங்கே கிரேக்கம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. சபையில் நாற்பது குடும்பங்கள் இருந்தன. நான் குடியிருந்த மிசன் வீட்டுக்கு எதிரே மீராலெவ்வை காக்கா இருந்தார்; அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர் முஸ்லிம் விவாகப் பதிவாளர். ஊரில் மற்றவர்களைப் போல அவரும் என்னைப் 'பாதர்' என்றுதான் கூப்பிட்டார். பாதர் என்பவர் கத்தோலிக்கர், அவர் கல்யாணம் கட்டமாட்டார், நான் போதகர், கட்டலாம் என்று ஒருநாள் அவருக்கு விளக்கினேன். முழுவதையும் கவனமாகக் கேட்டார்.

"அப்ப ஏன் பாதர் நீங்க இன்னம் கட்டல்ல?" என்றார்.

அதற்கு விதி இருந்தது. பயிற்சிக் காலம் நான்கு வருடம். அது முடியும்வரை கல்யாணம் பேசக் கூடாது, எவருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. தன் சபையில் உள்ள ஒரு பெண்மேல் மனம் போனால், அதைப் போதகர் தானாகவே மேற்பார்வைப் போதகரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதியை எவரும் பின்பற்றியதாக நான் கேள்விப்பட்டிருக்கவில்லை.

எங்கள் மேற்பார்வைப் போதகர் அருள்நாயகம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், மட்டக்களப்பில் இருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலை பஸ்ஸில் வந்து, என் பதிவேடுகளை ஓர் அடிமட்டத்தை வைத்து வரி வரியாகப் பார்ப்பார். பிழை கண்டால் சொல்லமாட்டார். அடிமட்டம் அந்த வரியில் நின்றுவிடும்; பிழையை நானே கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை ஞானஸ்நானப் பதிவில் அது கால் மணித்தியாலம் நின்றது. தாயின் பெயரும் பிள்ளையின் பெயரும் இடம் மாறியிருந்தன. என் பதிவின்படி, மூன்று மாதக் குழந்தை தன் தாயை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்திருந்தது.

கல்யாண அறிவிப்பு வாசிக்கப் பழக்கியவரும் அவர்தான். வெறும் கோயிலில் என்னை முன்னால் நிறுத்திவிட்டுக் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். இன்னாரும் இன்னாரும் விவாகம் செய்ய இருக்கிறார்கள், இவர்கள் இணையக் கூடாதபடி நியாயமான தடை எவருக்காவது தெரிந்தால் இப்போதே அறிவிக்க வேண்டும் என்று வாசித்தேன். வாசித்த கையோடு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"நில்லும் காணும்," என்றார். "கேள்வி கேட்டனீர். பதிலுக்கு இடம் விட்டனீரோ?"

"எவ்வளவு நேரம் விடவேணும் ஐயா?"

"மனசுக்குள்ள அஞ்சு எண்ணும். நாலெண்டா உமக்கு அவசரம். ஆறெண்டா நீர் தடையைக் கூப்பிடுறீர்."

அன்று பத்துத் தரம் வாசிக்க வைத்தார்.

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் கோயில் கூரையைக் கொண்டுபோனது. அதில் ஒரு பகுதியைப் பிறகு பாண்டிருப்பில் யாரோ ஒருவருடைய வளவில் கண்டோம். அதன்கீழ் அவர் ஆட்டைக் கட்டியிருந்தார். கேட்க மனம் வரவில்லை. கோயில் சாமான்களில் தப்பியது ஆர்மோனியம் மட்டும். அதை வாசிக்கும் ஜெயராணி காற்று இறுகத் தொடங்கியதும் வீட்டுக்குத் தூக்கிப்போய், மேலே ஒரு மேசையைக் கவிழ்த்து வைத்திருந்தார். அவர்கள் வீட்டுக் கூரையும் போனது. ஆர்மோனியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜெயராணி எங்கள் சபை மூப்பரின் மூத்த மகள். மூப்பர் சாமுவேல் ஓய்வுபெற்ற தபாலதிபர். ஜெயராணிக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியை. சூறாவளிக்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் வீடு வீடாக மாவும் பருப்பும் கொடுத்துத் திரிந்தோம். நானும் அவரும், எங்களோடு பாக்கியம் அக்காவும். பாக்கியம் அக்கா ஊருக்கெல்லாம் மருத்துவிச்சி. அவர் கூட வந்தால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும். பெயர்ப் பட்டியலை நான் எழுதுவேன், ஜெயராணி திருத்துவார். உதுமாலெவ்வை என்ற ஒருவரின் பெயரை நான் மூன்று விதமாக எழுதியிருந்தேன். அவருக்கு மூன்று தரம் மா போய்ச் சேர்ந்திருந்தது. நான்காவது தரம் அவரே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

மருதமுனையில் நெசவுக்காரர்கள் நனைந்த நூலை வேலி நெடுகக் காயப்போட்டிருந்த ஒரு பின்னேரம், ஜெயராணி பட்டியலில் இருந்து தலையை எடுக்காமல் கேட்டார்.

"உங்கட பயிற்சிக் காலம் எப்ப முடியும்?"

"இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல கிடக்கு."

"அவ்வளவோ," என்றார். பிறகு அடுத்த வீட்டுக்காரரின் பெயரை வாசித்தார்.

எங்களுக்குள் நடந்த காதல் பேச்சு இவ்வளவுதான். நான் இங்கே எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவருக்கு விளங்கியது, எனக்கும் விளங்கியது. மூன்று வீடு தள்ளி வந்த பாக்கியம் அக்காவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு அவர் மூன்று வீடு தள்ளி வருவதை நிறுத்திவிட்டு, எங்களை ஒட்டியே வந்தார். விதிப்படி அன்றைக்கே மேற்பார்வைப் போதகருக்கு அறிவித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தாளை எடுத்து எழுதவும் செய்தேன். கூரைத் தகடுகள் எப்போது வரும் என்று கேட்டு எழுதினேன்.

அடுத்த பங்குனியில் சாமுவேல் மூப்பர் மிசன் வீட்டுக்கு வந்தார். கூடவே கையில் குடையோடு ஒருவர்.

"மூத்த புள்ளைக்கு ஒண்டு சரிவந்திட்டு போதகர்," என்றார் மூப்பர். "இவர் வில்சன். சம்மாந்துறையில நீர்ப்பாசனக் கந்தோரில படம் கீறுறவர். குடிவகை இல்ல. நான் வாக்குக் குடுத்திட்டன். வாற ஞாயிறு முதல் அறிவிப்பை வாசிச்சிருங்க."

வில்சனுக்கு முப்பது வயது இருக்கும். தன்னுடைய பேனாவைக் கொண்டுவந்திருந்தார். விண்ணப்பத்தை வரைபடம் போல எழுதினார். மாப்பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: சுயவிருப்பத்தோடுதான் சம்மதிக்கிறீரா? அவர் கொஞ்சம் யோசித்தார். அந்தக் கேள்விக்கு யோசித்த முதல் ஆள் அவர்தான். பிறகு "ஓம்" என்றார். அவரிடம் குறை ஏதும் காண எனக்கு விருப்பமாக இருந்தது. ஒன்றும் அகப்படவில்லை.

முதல் ஞாயிறு வாசித்தேன். குரல் நன்றாகத்தான் இருந்தது என்று பாக்கியம் அக்கா சொன்னார். தடை இருந்தால் அறிவியுங்கள் என்று நிறுத்தி எண்ணத் தொடங்கினேன். இரண்டு எண்ணுவதற்குள் ஜெயராணி ஆர்மோனியத்தைத் தொடங்கிவிட்டார்.

இரண்டாம் ஞாயிறு ஐந்து எண்ணி முடித்தும் ஆர்மோனியம் வரவில்லை. கூரை இல்லாத கோயில். வெயில் நேராகச் சனத்தின் தலையில் விழுந்தது. எஞ்சிய கூரை வளை மரத்தில் ஒரு காகம் இருந்தது. ஆறு, ஏழு. மூப்பர் இருமினார். பதினொன்றில் ஆர்மோனியம் தொடங்கியது. ஆர்மோனியம் பிந்தியதா, நான் தடையைக் கூப்பிட்டேனா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

மூன்றாம் வாசிப்புக்கு முன் மணப்பெண்ணை விசாரிக்க வேண்டும். ஒழுங்கு இதுதான்: போதகர் பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும், ஆனால் சபைப் பெண் ஒருவர் பார்வையில் படுகிற தூரத்தில், பேச்சுக் கேட்காத இடத்தில் இருக்க வேண்டும். புதன்கிழமை பின்னேரம் ஜெயராணி வந்தார். பாக்கியம் அக்கா விறாந்தையில் கதிரையைப் போட்டு, சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கினார். மேசையில் படிவம் கிடந்தது. பெயர், வயது, பெற்றோர் எல்லாம் கேட்டு எழுதினேன். எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான்.

"இந்த விவாகத்துக்குச் சுயவிருப்பத்தோடு சம்மதிக்கிறீர்களா?"

"நீங்க போதகராக் கேக்கிறீங்களோ?"

"ஓம்."

"அப்ப எழுதுங்க. இல்ல."

எழுதினேன். என் கையெழுத்து வழக்கத்தைவிட நன்றாக வந்தது.

"காரணம்?" என்றேன்.

"காரணம் எழுத அதில இடம் இருக்கோ?"

பார்த்தேன். இல்லை.

"அப்ப நான் சொல்லத் தேவையில்ல. அப்பா ஊருக்குச் சொல்லிட்டார், வீட்டில ஆரும் என்னட்டக் கேக்கல்ல. நீங்க கேட்டீங்க, சொன்னன். இனி நீங்க செய்யிறதச் செய்யுங்க."

சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். விறாந்தையைத் தாண்டும்போது பாக்கியம் அக்கா சுளகில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

விதி தெளிவாக இருந்தது. பெண் இல்லையென்றால் போதகர் அறிவிப்பை நிறுத்த வேண்டும். அது என் கடமை. என் ஆசையும் அதுவேதான். இரண்டும் ஒரே பக்கம் நின்றதுதான் என் சங்கடம். எதிராக நின்றிருந்தால் எதை விடுவது என்று எனக்குத் தெரிந்திருக்கும். அதற்குக் கல்லூரியில் பாடம் இருந்தது.

அடுத்த நாள் காலை பஸ் தரிப்பிடத்தில் மீராலெவ்வை காக்காவைக் கண்டேன். பெயர் சொல்லாமல், உங்கள் தொழிலில் பெண்ணிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று விசாரித்தேன்.

"எங்கட பதிவுல பொண்ணுக்குக் கையெழுத்தே இல்ல பாதர். வாப்பா சொன்னாச் சரி. ஆனா நான் போற ஊடுகளுக்கு என்ட பொஞ்சாதியயும் கூட்டிட்டுத்தான் போற. அவ உள்ள போய்ப் புள்ளக்கிட்டக் கேட்டுட்டு வந்து தலய ஆட்டினாத்தான் நான் பேனயத் தொறக்கிற. சட்டத்துல அது இல்ல. எண்டாலும் ஒருக்கா அவ தலய ஆட்டல்ல."

"அப்ப என்ன செய்தீங்க?"

"பேன எழுதுதில்ல எண்டு சொல்லிட்டு வந்திட்டன். மறுகா ஒரு மாசம் அந்தப் பேன எழுதவேயில்ல." என் முகத்தைப் பார்த்தார். "உங்கட பேனைக்கு என்ன?"

மட்டக்களப்பு பஸ் வந்துவிட்டது.

களுவாஞ்சிக்குடி தாண்டும்வரை இரண்டு பக்கமும் தென்னைகள் விழுந்து கிடந்தன. நான் சொல்லப் போவதை மனதில் எழுதிக்கொண்டு போனேன். பெண் சம்மதிக்கவில்லை, ஆகவே நிறுத்த வேண்டும். அதோடு விடலாம். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதைச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பி, இன்னும் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தால், பயிற்சிக் காலம் முடிந்ததும் நானே போய்க் கேட்கலாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரிய வராது. காத்தான்குடி வரும்போது நான் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

அருள்நாயகம் ஐயாவிடம் போகிறவர்கள் எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். முதல் தரம் சொல்லும்போது அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பஸ்ஸில் எழுதியதை அப்படியே சொன்னேன். அவர் கதிரையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப திருப்பிச் சொல்லும்."

சொன்னேன். அதே சொற்கள்தான். "ஆகவே நிறுத்த வேண்டும்" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அவர் காத்திருந்தார். எவ்வளவு எண்ணினார் என்று தெரியாது.

"நானும் அவவை விரும்புறன் ஐயா," என்றேன்.

"அவவுக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

"அவ சொன்னவவோ?"

"பயிற்சிக் காலம் எப்ப முடியும் எண்டு கேட்டவ."

அவர் அதை ஒரு தாளில் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"அறிவிப்பை நீர் நிறுத்தக் கூடாது. நான் நிறுத்துவன். ஞாயிறு நான் வந்து பிள்ளையிட்ட நானே கேப்பன். அதே பதில் எண்டா தேப்பனுக்குச் சொல்லுவன். திங்கள் நீர் பதுளைக்குப் போறீர். பயிற்சி முடியுமட்டும் கல்முனைப் பக்கம் வரவும் கூடாது, அவவுக்குக் கடிதம் எழுதவும் கூடாது, ஏன் எண்டு சொல்லவும் கூடாது."

"ஏன் ஐயா?"

"அவ உமக்காகத்தான் மாட்டன் எண்டவ எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது. நீர் உமக்காகத்தான் நிப்பாட்டினீர் எண்டும் சொல்லப்படாது. பிறகு அவ எந்தச் சபையில தலை நிமிர்ந்து இருப்பா?"

அடுத்த பஸ்ஸில் கல்முனைக்குத் திரும்பினேன்.

ஞாயிறு ஐயா வந்தார். ஆராதனைக்கு முன், பாக்கியம் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெயராணியிடம் கேட்டார். அரை நிமிடத்தில் முடிந்தது; அதே பதில்தான். மூன்றாம் அறிவிப்பு வாசிக்கப்படவில்லை. சனம் அதைக் கவனித்தது.

மூப்பர் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நீங்கதானே கேட்டீங்க," என்றார். "நீங்க கேக்காம இருந்திருந்தா அவ சொல்லியிருக்கமாட்டா. சந்தோசமா இருந்திருப்பா."

வில்சன் மறுநாள் காலை வந்தார். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்.

"காரணம் என்ன எண்டு கேக்கலாமா?"

"படிவத்தில காரணத்துக்கு இடம் இல்லை," என்றேன்.

அவர் தலையசைத்தார். "என்னட்டயும் நீங்க அந்தக் கேள்வியக் கேட்டீங்க. வீட்டுக்குப் போய் யோசிச்சன். எனக்கும் அவவுக்கும் இடையில ஒரு சொல்லும் நடக்கல்ல. நான் மூப்பரோடதான் கதைச்ச. அவவிட்ட நான் ஒண்டும் கேக்கவேயில்ல." குடையை எடுத்தார். "நீங்களும் போறீங்களோ? நீங்க நல்ல மனிசன்."

அவருக்கு நான் பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. அவர் என் கையைப் பிடித்து விடைபெற்றார்.

பதுளையில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தேன். தோட்டச் சபைகள், ஏற்றம், குளிர். கடிதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அருள்நாயகம் ஐயாவுக்கு மாத அறிக்கை எழுதினேன். அவர் இதுவரை இவ்வளவு ஒழுங்கான அறிக்கைகள் கண்டதில்லை என்று பதில் போட்டார்.

எண்பத்தோராம் ஆண்டு பயிற்சி முடிந்து, முழுப் போதகராக அபிஷேகம் பெற்றேன். அந்தக் கிழமையே அம்பாறை வழியாகக் கல்முனைக்கு பஸ் ஏறினேன். மூப்பர் கதிரை தந்துவிட்டு உள்ளே போனார். ஜெயராணி பாடசாலையில் இருந்து வந்து நின்றார்.

"பயிற்சிக் காலம் முடிஞ்சிட்டு," என்றேன்.

"கேள்விப்பட்டன். சந்தோசம்." எதிர்க் கதிரையில் இருந்தார். "கொஞ்சம் சுணங்கிட்டீங்க போதகர். வில்சனுக்கு வாக்குக் குடுத்திட்டன். இந்தமுற அப்பா இல்ல. நான் குடுத்த."

அருள்நாயகம் ஐயாவின் கட்டளையைப் பற்றிச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். அவர் முகம் ஒருமுறை மட்டும் மாறியது, பிறகு சரியாகிவிட்டது.

"எனக்கு ஆரும் சொல்லல்ல," என்றார். "முதல் வருசம் முழுக்க நான் தபாலப் பாத்துக்கொண்டுதான் இருந்த. தபாலதிபர்ர மகள், கடுதாசி வழியில துலையாதெண்டு எனக்குத் தெரியும். வரல்ல எண்டா எழுதல்ல எண்டுதான் கருத்து. அவர் கிழமைக்கு ஒண்டு போட்டவர். சம்மாந்துறையில மழை எண்டாலும் எழுதுவார், மழை இல்ல எண்டாலும் எழுதுவார். மறுகா நானும் எழுதத் தொடங்கின."

"நல்ல மனிசன்," என்றேன். அதுவும் உண்மை.

"கலியாணத்த நீங்கதான் வந்து நடத்தித் தரவேணும்."

"ஏன் நான்?"

"அண்டைக்கு நீங்க என்னட்டக் கேட்டிருக்காட்டி நான் இண்டைக்கு வேற வீட்டில, வேற மாதிரி இருந்திருப்பன். அதே மனிசனோட எண்டாலும்."

நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்ன நாளில் எனக்கு வேறு வேலை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருக்கவில்லை.

நடத்திவைத்தேன். கோயிலுக்குப் புதுத் தகடு போட்டிருந்தார்கள். கேள்விகளைக் கேட்டேன், இருவரும் தெளிவாகப் பதில் சொன்னார்கள். பதிவேட்டில் பிழை இல்லாமல் எழுதினேன். மீராலெவ்வை காக்கா வெள்ளைச் சட்டையோடு வந்து கடைசி வாங்கில் இருந்தார். போகும்போது என் தோளில் கை வைத்து, "பாதர், ஒங்கட மொகத்துல ஒண்டும் தெரியல்ல," என்றார். பாராட்டா அனுதாபமா என்று நான் கேட்கவில்லை.

சில வருடம் கழித்துப் பதுளை ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவரைக் கட்டினேன். இரண்டு பிள்ளைகள். நல்ல வாழ்க்கை. என் மனைவிக்கு இந்தக் கதை முழுவதும் தெரியும். இதை வாசித்து இரண்டு எழுத்துப்பிழை திருத்தித் தந்தவரும் அவர்தான்.

அருள்நாயகம் ஐயா ஓய்வுபெற்று மட்டக்களப்பிலேயே தங்கிவிட்டார். எண்பதுகளின் நடுவில் அவருக்குப் பாரிசவாதம் என்று அறிந்து பார்க்கப் போனேன். அப்போது யுத்தத்தால் வழி கெட்டிருந்தது. மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்தி, இறக்கிச் சோதித்து ஏற்றினார்கள். அவர் படுக்கையில் தலையணைக்குச் சாய்ந்திருந்தார். வலக்கை விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாக வந்தது, ஆனால் தெளிவாக வந்தது.

"அந்தக் கல்முனைப் பிள்ளை சுகமோ?"

"சுகம் ஐயா. மூண்டு பிள்ளையள்."

யன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் உமக்குக் கடிதம் எழுதப்படாதெண்டு சொன்னனான்."

"ஓம் ஐயா."

"ஒரு வருசம் பொறுப்பீர், பிறகு களவா ஒண்டு எழுதுவீர் எண்டுதான் நினைச்சனான். நீர் எழுதியிருந்தா நான் ஒண்டும் கேட்டிருக்க மாட்டன். அவ்வளவு சரியாச் சொல்லுக் கேப்பீர் எண்டு நான் நினைக்கேல்லைக் காணும்."

"அதை நீங்கள் ஒருக்காச் சொல்லியிருக்கலாமே ஐயா."

"சொன்னா அது விதி இல்லையே."

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை வருடமும் வராத கோபம், எல்லாம் சேர்ந்து அந்தக் கதிரையில் வைத்து வந்தது. எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. அந்த நேரம் அவருடைய மனைவி கஞ்சி கொண்டுவந்து, அடுப்பில் வேலை இருக்கிறது, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி என்று கோப்பையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். ஐயா வாயைத் திறந்தார். நான் கரண்டியால் ஊட்டினேன். சூடாக இருந்தது, ஒவ்வொரு கரண்டியையும் ஊதி ஊதிக் கொடுக்க வேண்டியிருந்தது. முடிய வெகுநேரம் எடுத்தது. அவர் முழுவதையும் குடித்தார். வாயைத் துடைத்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு நடந்தேன்.